நான் மறந்துபோன ஆறு நிமிடம்

என் கணவர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய் இருபது நாளாகியும் பேசவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பயப்படுவதற்குப் படிப்பு வேண்டாமே. போன் வந்தால் தவறிவிடுமோ என்று நான்கு நாள் கண்மூடவே இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா, “மாப்பிள எப்ப வாறாராம்?” என்றாள்.

“அவரு எங்க பேசினாரு?”

“ஏட்டி, காலைல முற்றத்துல நின்னு சிரிச்சு சிரிச்சுப் பேசினியே!”

போனைப் பார்த்தேன். ஆறு நிமிடம் பேசியிருக்கிறேன். ஒரு சொல்கூட நினைவில்லை. திருப்பி அழைத்தேன், கிடைக்கவில்லை. அழுதேன்.

“ஒறங்காத மண்டையில என்ன தங்கும் மக்கா? போய் ஒறங்கு. போன நான் பாத்துக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டாள்.

அவர் நலமாகத் திரும்பிவிட்டார். என்ன பேசினோம் என்று கேட்டால், “சும்மாதான் பேசினோம்” என்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த ஆறு நிமிடத்துக்காக ஏங்குகிறேன்.