கன்னத்தில் வந்த அம்மை

முகத்தில் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல்தான் வருவார்கள். தோல் கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தர்மபுரியில் ஏழு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கீழ் வயல், மேல் வயல்

கம்பைநல்லூர் பக்கம் மரவள்ளி போடும் மாணிக்கம் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாலிபத்தில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழி குழியாக விட்டுப் போயிருந்தன. தன் கல்யாணப் போட்டோவில்கூட நேராகப் பார்த்ததில்லையாம். இப்போது மகளுக்குக் கல்யாணம். மேடையில் அவள் பக்கத்தில் ஒரு போட்டோவாவது நேராக நின்று எடுக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. எனக்கு அந்த நிமிடமே மனுஷனைப் பிடித்துப்போனது.

எங்கள் டாக்டர், பிஆர்பி என்ற சிகிச்சையை எழுதினார். கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரைக் கன்னத்தில் பொட்டுப் பொட்டாக ஊசியால் ஏற்றுவோம். தோல் கொஞ்சம் தேறும், குழி முழுசாக மறையாது என்று டாக்டர் விளக்கி முடித்ததும் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கீழ் வயல் தண்ணிய மேல் வயலுக்குத் திருப்பி வுடறீங்க, அவ்வளவுதானே சிஸ்டர்?"

ஆத்தா வந்த வூடு

ஊசி போட்ட இடமெல்லாம் ஒன்றிரண்டு நாள் சிவந்து தடித்திருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. முதல் இரண்டு தடவையும் அண்ணன் ஓசூரில் தங்கச்சி வீட்டில் தங்கி, முகம் வடிந்த பிறகே ஊர் திரும்பினார். மூன்றாவது தடவை, மறுநாள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகவேண்டும் என்று நேராக வீட்டுக்குப் போய்விட்டார். "வீட்ல அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். யார் கேட்டார்கள்?

காலையில் போன். குசுகுசுவென்று பேசினார். விடிந்ததும் அவர் மனைவி செல்வி அக்கா அந்தச் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்து, அம்மை என்றே முடிவு கட்டிவிட்டார். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, அடுப்பில் தாளிப்பு நின்றாயிற்று, அண்ணனை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தியாயிற்று. அம்மை இறங்கி மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பத்திரிகையோடு யாரும் படி தாண்டக்கூடாது. முகூர்த்தத்துக்கு இருப்பதோ மூன்று வாரம். கல்யாணத்தைத் தள்ளி வைப்பதாகச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் அண்ணா என்றேன். "கல்யாணத்துக்குப் பொண்ண வெச்சுக்கிட்டு மூஞ்சிக்கு ஊசி போட்டேன்னு எப்பிடிங்க சொல்றது? அதுக்கு ஆத்தா வந்ததே மேலு!"

போனில் கேட்டது

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க வெட்கத்துக்காகப் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா?" என்று கத்தினேன். டாக்டரே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். போச்சு, வாயை விட்டோம் என்று நினைக்கும்போது, "செல்வி, இங்க வா" என்று அண்ணன் கூப்பிடுவது கேட்டது. போனை வைக்க மறந்தே, ஒன்றுவிடாமல் சொன்னார். போட்டோ ஆசையையும் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. பிறகு அக்கா குரல் கேட்டது: "எந்திரிங்க மொதல்ல, முதுகெல்லாம் வேப்பெல ஒட்டியிருக்குது. பத்திரிகை வெக்கப் போவணும்."

மேடை

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், போனேன். மகள் பக்கத்தில் அண்ணன் விறைப்பாக நின்று கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் திரும்பச் சொல்லிப் போட்டோகிராபர் கெஞ்சியும் மசியவில்லை. செல்வி அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "குழி பாதிக்கு மேல அப்பிடியேதான் இருக்குதுங்க சிஸ்டர். ஆனா மனுசன் இன்னிக்கித்தான் என் கண்ணுக்கு முழுசாத் தெரியறாரு."

எங்கள் கேஸ் ஷீட்டில் இதையெல்லாம் எழுத இடமில்லாததால், 'தோலில் ஓரளவு முன்னேற்றம்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.