சும்மா உட்காரத் தெரியாதவள்

மத்தியானத்தில், இரண்டு புக்கிங்குக்கு நடுவே, பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பெண் எங்கே போய் உட்காருவாள்? ஆண்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே மல்லாந்து தூங்குவார்கள். டீக்கடை பெஞ்சு அவர்களுடையது. சுவர் ஓரத்து நிழலும் அவர்களுடையது. அதே பெஞ்சில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், கடைக்காரரில் தொடங்கித் தெருநாய் வரைக்கும் எல்லாம் என்னையே பார்க்கும்.

நான் வீடு தேடிப் போய் பார்லர் வேலை செய்கிறவள். ஐப்ரோ, வேக்சிங், ஃபேஷியல் என்று போனில் இருக்கும் ஆப் வழியாக புக்கிங் வரும். கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட், முதுகில் பெரிய பை, காலடியில் மடக்கு ஸ்டூல், இப்படி ஸ்கூட்டரில் கிளம்பிப் போவேன். எங்களுக்கு 'பார்ட்னர்' என்று பெயர். எதில் பார்ட்னர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வீடு அல்சூரில். நடுவில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்பவர்கள் அந்த ரோட்டு டிராஃபிக்கைப் பார்க்காதவர்கள்.

அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். ஒருமுறை நானும் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டார்கள். ஆனால் பேச்சு நின்றுபோனது. என் லிப்ஸ்டிக்கையும் டீ-ஷர்ட்டையும் பார்த்து, மாடியிலிருந்து வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ. லிப்ஸ்டிக் போடாவிட்டால் கம்பெனியில் கேள்வி வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாடிக்காரர்களுக்கு நான் படிக்கட்டு ஆள், படிக்கட்டுக்காரர்களுக்கு மாடி ஆள். டிரைவர்களுக்கு பேஸ்மென்ட்டில் ஃபேன் போட்ட அறை ஒன்று உண்டு. டிரைவர்கள் என்றால் ஆண்கள். பெண்களுக்கு ஒரு பாத்ரூம் இருந்தது, அதன் சாவி செக்யூரிட்டியிடம். அவரிடம் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே நான் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பேன். விசிட்டர் பார்க்கிங்கில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. யாராவது கார் எடுக்க வந்தால் பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். பேச ஆள் இருந்திருந்தால் நிஜமாகவே பேசியிருப்பேன். அம்மா போன பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுப் பகலில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை.

அப்படி இருந்தபோதுதான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அந்த வீடு கிடைத்தது.

பன்னிரண்டாவது மாடி. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், சாஃப்ட்வேர் வேலை, பிரசவ லீவில் இருந்தார். கைக்குழந்தை ஒன்று. கணவருக்கு வாரத்தில் பாதி நாள் ஹைதராபாத்தில் வேலை. முதல் தடவை போனபோது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. தண்ணீர் பேப்பர் கப்பில் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு பேப்பர் கப்புக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது, சுத்தம் என்று சொல்லிவிடலாம். எதற்காக அதில் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தால் தாகம் தீராது. குடித்துவிட்டுக் கப்பை என் குப்பைக் கவரிலேயே போட்டுக்கொண்டேன்.

நான் தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது. எந்த ஊர் என்று கேட்டார். அல்சூர் என்றேன்.

"இல்லைங்க்கா, நேட்டிவ் எங்க?"

பெங்களூரில் நம்மவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் மீதியும் தெரிந்துவிடும். எங்களுக்குச் சொல்லிக்கொள்ள நேட்டிவ் கிடையாது. தாத்தாவுக்குத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து கன்டோன்மென்ட் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு எங்கள் சந்தில் பிறந்த ஆண்கள் தோட்டம், துப்புரவு. பெண்கள் ஆயா. துரைமார்கள் போனார்கள், மிலிட்டரி ஆபீசர்கள் வந்தார்கள், பிறகு டாக்டர்கள் வந்தார்கள். எங்கள் வேலை மட்டும் மாறவில்லை. பிறந்து வளர்ந்தது எல்லாம் அல்சூர்தான், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பங்களா வேலை என்று சொன்னேன். அவர் ஒரு கணம் நிறுத்தி, "ஓ" என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வேலை முடிந்து பையைக் கட்டும்போது, அடுத்த புக்கிங் வரைக்கும் எங்கே இருப்பீர்கள் என்றார். கீழே வண்டியில் என்றேன்.

"இந்த வெயில்லயா? இங்கயே இருங்க்கா. நானும் பேச ஆளில்லாம காலைல இருந்து செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

இருந்தேன். ஸ்டீல் டம்ளரில் டீ வந்தது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று அவரே காட்டினார். அன்றைக்கு நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் புக்கிங் இருக்கிற நாளெல்லாம் மத்தியானம் அங்கேதான். மேடம் என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெறும் பெயரைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அதனால் எதுவும் கூப்பிடாமலேயே பேசப் பழகினேன். வந்திருப்பது யார் என்று கேட்டில் செக்யூரிட்டி அபார்ட்மென்ட் ஆப்பில் கேட்கும்போது, 'சர்வீஸ்' என்று அழுத்தாமல் 'கெஸ்ட்' என்று அழுத்துவார். கெஸ்ட்டுக்கு முன்பக்க லிஃப்ட். அதில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. என்னையே பார்த்துக்கொண்டு மேலே போவேன். சந்தோஷமாக இருந்தது, அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டாள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் இவளும் ஒரு கட்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். துணி மடித்தால் கூட மடிப்பாள். குழந்தை அழுதால் தூக்குவாள். வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்கு வேலை செய்யும். சும்மா உட்கார்ந்திருந்தால், "இன்னாடி, கோவமா?" என்று கேட்டுவிடுவார்கள். சம்பளத்துக்குச் செய்கிற வீட்டில் அம்மா ஒரு துரும்பைக் கூடுதலாக எடுத்துப் போடமாட்டாள். சிநேகிதி வீட்டில் அண்டாவையே தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வருவாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

அந்தப் பழக்கத்தில்தான் அங்கேயும் இருந்தேன். முதலில் குடித்த டம்ளரைக் கழுவினேன். கூடவே சிங்க்கில் கிடந்த பால் பாட்டிலையும் கழுவினேன். அடுத்த தடவை, அவர் பேசிக்கொண்டிருக்க, சோபாவில் குவிந்திருந்த குழந்தைத் துணியை மடித்தேன். பீன்ஸ் நறுக்கினேன். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் உடம்பைத் தொடுகிற கை இது. அந்தக் கைக்கு அவன் உடம்பு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். அவர் முதலில் வேண்டாம் வேண்டாம் என்று தடுப்பார். பிறகு தடுப்பதை விட்டுவிட்டார். சிநேகம் முற்றிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவருக்கும் கஷ்டம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். லீவு முடிந்ததும் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டார்கள். ஆனால் அவருடைய பிராஜெக்ட் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அவரிடமே வேலை கற்றுக்கொண்ட ஆள் இப்போது அவருக்கு மேலே. மீட்டிங்கில் குழந்தை அழுதால், பரவாயில்லை போய்ப் பாருங்கள் என்று மேனேஜர் சிரிப்பாராம். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியும் என்பார். மேலே போன அந்த ஆளுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது, அவரிடம் யாரும் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் 'உச்' கொட்டிக்கொண்டே பீன்ஸ் நறுக்குவேன். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். நடுவில் பன்னிரண்டு மாடி இருப்பது மறந்துபோகும்.

பிறகு, இனி தினமும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று அவருக்கு மெயில் வந்தது. வராவிட்டால் வேலை இருக்காது என்பது எழுதாமலே புரிந்தது. அன்று நான் போனபோது அவர் கண் சிவந்திருந்தது. குழந்தை என் மடியில் தூங்கிப்போனான். டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குக்கா இந்த வெயில்ல அலையறீங்க? இங்கயே வந்துருங்க. நான் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் அவனப் பாத்துக்கோங்க. மாசச் சம்பளம். உங்களுக்கும் நிம்மதி."

எனக்கு உடனே புரியவில்லை. நான் பார்லர் வேலை செய்கிறவள் என்று, அவருக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னேன்.

"தெரியுங்க்கா. ஆனா நீங்கதான் ஏற்கெனவே எல்லாம் பண்றீங்களே. பாத்திரம், துணி, குளிப்பாட்டறது. புதுசா ஒண்ணுமில்லீங்களே."

மடியில் சரிந்த குழந்தையின் தலையை நிமிர்த்தி வைத்தேன். நான் சரி சொல்லிவிட்டதாக நினைத்து, அவர் வேகமாகப் பேசிக்கொண்டே போனார். கேட் ஆப்பில் 'கெஸ்ட்' என்பதை எடுத்துவிட்டு 'டெய்லி ஹெல்ப்' என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்டில் காத்திருக்க வேண்டாமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணுங்க்கா. எங்க மாமியார் வந்திருக்கறப்ப மட்டும் கிச்சனுக்குள்ள வேண்டாம். அவங்க கொஞ்சம் பழைய ஆளு. தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று "ஓ" என்று நிறுத்தினாரே, அப்போதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. கேட்கவேண்டிய அவசியம் அதோடு தீர்ந்துபோயிருக்கிறது. நான்தான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி லிஃப்ட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

அம்மா என்னை பார்லர் கோர்ஸில் சேர்த்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இன்னொருத்தி கொயந்தய வளக்கற வேல என்னோட போவட்டும்." அவள் வளர்த்த பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வளர்க்க அவளுக்கு நேரமில்லாமல் போன பிள்ளை நான். இப்போது முடியாது என்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வேலை போகலாம். சரி என்றால் அம்மா பேச்சு போகும். ஹைதராபாத்தில் இருந்த கணவரின் பெயர் இந்தப் பஞ்சாயத்தில் எங்குமே வரவில்லை. இரண்டு பெண்களை எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேலன்னு நெனச்சு செய்யல மேடம்" என்றேன். "கை சும்மா இருந்துச்சு, செஞ்சேன்."

மேடம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. தப்பாக ஏதாவது கேட்டுவிட்டேனா என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கிச்சன் விஷயத்தைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டேன். தூக்கத்தில் என் டீ-ஷர்ட்டைப் பிடித்திருந்தான், விரலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. டம்ளரை மேசை மேலேயே விட்டுவிட்டு வந்தேன். அதில் பாதி டீ இருந்தது.

அவர் இரண்டு மூன்று தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பழையபடி விசிட்டர் பார்க்கிங், மடியில் ஹெல்மெட்.

மழைக்காலம் முடிந்த பிறகு அதே பிளாக்கில் வேறொரு வீட்டுக்கு புக்கிங் வந்தது. முடித்துவிட்டு சர்வீஸ் லிஃப்ட்டில் இறங்கினேன். பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. ஒரு பெண் ஏறினாள். இடுப்பில் அவன், இன்னொரு கையில் குப்பைக் கவர். நன்றாக வளர்ந்திருந்தான். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவள் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டான். பேச்சுக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே ஆனேக்கலிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வருகிறாளாம். வீடு எப்படி என்று கேட்டேன்.

"நல்ல வீடுக்கா. மேடத்துக்குக் கோவம் மட்டும் சொல்ப வரும்" என்றாள், கன்னடம் கலந்த தமிழில். "எனக்கு முன்னாடி ஒரு அக்கா வேலைக்கு இருந்தாங்களாம். இவன் அவங்க கையிலதான் வளந்தானாம். சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்களாம். மேடம் இன்னமும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க."

அப்படியா என்றேன். லிஃப்ட் பேஸ்மென்ட்டில் நின்றது. அவள் குப்பைத் தொட்டிப் பக்கம் போனாள். நான் போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். அடுத்த புக்கிங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.