நான் தெருவிளக்காக இருந்த நாட்கள்

குறி பார்த்து அடிப்பதில் எங்கள் தெருவில் எனக்கு நிகராக ஒருவனும் கிடையாது. சொந்தப் பெருமை என்று நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்று விருத்தாசலத்தில் சொந்தச் சூளை வைத்து ஒரு கூட்டத்துக்கே சம்பளம் கொடுக்கிறேன் என்றால், எடுத்த குறி தப்பாததுதான் காரணம். அந்தக் குறியை ஊர் முதன்முதலில் பார்த்தது எங்கள் தெருவிளக்கில்.

தெருவுக்கு ஒரே கம்பம், அதில் ஒரே ஒரு குண்டு பல்பு. கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்து பெரியவர்கள் வாங்கி வந்த வெளிச்சம் அது. நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் உண்டிகோலை வைத்துக்கொண்டு போட்டி போட்டோம். அவர்கள் இரண்டு பேரும் கம்பத்தை அடித்தார்கள். நான் பல்பை அடித்தேன்.

அன்று சாயங்காலமே தெருமுனையில் பாய் கடை வாசலில் பஞ்சாயத்து கூடியது. "மூணு பேரையும் கட்டி வச்சி தோல உரிக்கணும்" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். என் அப்பா பெல்ட்டைக் கழற்றியே விட்டார். கடைக்கார பாய்தான் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அடிச்சா லைட்டு எரியுமா அண்ணே? அபராதம் போட்டா அதுவும் ஒங்க பாக்கெட்டுலேருந்துதான் வரும், இவனுங்களுக்கு என்னா நட்டம்? வேலைக்குப் போயிட்டு வர்ற பொம்பளைங்கதான் இருட்டுல தடவிக்கிட்டு வரணும். புது பல்பு வர்ற வரைக்கும், லைட்ட ஒடச்சவனுங்களே லைட்டா நிக்கட்டும்."

தெரு சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டது. இருட்டியதும் அரிக்கேன் விளக்கோடு நாங்கள் பாய் கடை முனையில் நிற்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். மறுநாளே ஒருவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னொருவன் திட்டக்குடியில் மாமா வீட்டுக்கு ஓடிவிட்டான். நான் நின்றேன். ஒப்புக்கொண்ட வேலையை விட்டு ஓடுகிற பழக்கம் அன்றைக்கும் எனக்குக் கிடையாது.

அப்படி வருகிறவர்களில் ஒருத்தி என் சின்னம்மா. அம்மா போன மறுவருஷம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். மின்சாரப் பெட்டிக்குள் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் ஷெட்டில், அச்சில் மண் அழுத்துகிற வேலை அவளுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை நாளாகியும் நான் அவளிடம் வாய் திறந்ததில்லை. சோறு போட்டால் தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முதல் நாள் வீம்புக்கு, விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக முன்னால் போனேன். வெளிச்சம் எனக்கு, இருட்டு அவளுக்கு. "தம்பி, மெதுவா போ சாமி. காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல் பெயர்ந்த சாக்கடைப் பள்ளத்தில் அவள் கால் இறங்கிவிட்டது. வீட்டில் கட்டைவிரல் ரத்தத்தைப் பார்த்து அப்பா கேட்டபோது, "ஷெட்டுல அச்சு வுழுந்துடுச்சி" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நான் அவள் பக்கத்தில் நடந்தேன். விளக்கை அவள் பக்கத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த நடைக்காகவே எப்போது இருட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்த கையோடு வருவாள், அந்தக் கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். டீ நேரத்து வடையில் பாதியை முந்தானையில் முடிந்து வந்திருப்பாள். எங்கள் நிழல்கள் சுவரேறிக் கூரையைத் தாண்டும். "பாருடா, என்னவிட நீதான் ஒசரம்" என்பாள். பள்ளிக்கூடத்துக் கதை, சண்டைக் கதை, எல்லாம் சொல்வேன். வீட்டு வாசல் வந்ததும் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்குள் அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று அதே தெரு பகல் மாதிரி இருக்கிறது. நான் காரில்தான் போகிறேன். ஆனால் பாய் கடை இருந்த முனை வந்ததும், என் தோளில் அந்த மண் வாசனைக் கை வந்து விழாதா என்று இருக்கிறது. அவள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அப்போது ஒரு நாள் புது பல்பு வந்தது. பாய் எனக்கு ஒரு கை நிறைய மிட்டாய் கொடுத்து, "போடா, ஒனக்கு விடுதலை" என்றார். சின்னம்மா வெளிச்சத்தில் தனியாக நடந்து வந்தாள். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் லைட்டு எரியவில்லை. பல்பு முழுசாகத்தான் இருந்தது. கம்பத்துப் பெட்டியில் பியூஸ் கட்டையைக் காணோம். தெருவே என்னைப் பார்த்தது. "இவன் கை சும்மா இருக்குமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் அழுது சத்தியம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை.

"அவன் எடுக்கலிங்க. எனக்குத் தெரியும்" என்று கூட்டத்துக்குள் வந்து நின்றாள் சின்னம்மா. சத்தமாகப் பேசியே அறியாதவள். அவள் சொன்ன தினுசில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"சரிம்மா, ஒங்க ஷெட்டுலதான் மல மாதிரி குமிச்சி வச்சிருக்காங்களே, ஒண்ணு கேட்டு வாங்கியாந்துடு" என்றார் பாய்.

"நாளைக்கே கொண்டாரேங்க. அதுவரைக்கும் தம்பி வெளக்கு எடுத்தாரட்டும்."

மறுநாள் மறந்துவிட்டாள். அதற்கு மறுநாளும் மறந்தாள். பாய் கேட்கும்போதெல்லாம் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அய்யோ, மறந்தே பூட்டேங்க" என்பாள். வீட்டில் தீப்பெட்டிக்குள் ஒரு குச்சி குறைந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவளுக்கு, நாளெல்லாம் கையில் புழங்குகிற கட்டை எப்படி மறக்கும்? எனக்குப் பயமாகிவிட்டது. ஞாபகத்துக்கு வல்லாரை நல்லது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மணிமுத்தாற்றங்கரையெல்லாம் தேடிப் பறித்துக்கொண்டு, நேரே அடுப்படிக்குப் போய் அவளிடம் நீட்டினேன்.

"இத தின்னுங்க. மறதி போயிடும்."

வீட்டுக்குள் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கீரையை மடியில் வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

மறுநாளே பியூஸ் கட்டை வந்துவிட்டது. வல்லாரைக்கு அவ்வளவு சக்தி என்று நான் ரொம்ப நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.