நான் கண் வைத்த வீடு

போடியில் நான் ஒரு வீட்டைப் பார்த்தேன். என் மேல் வந்த புகார் அவ்வளவுதான். திருடவில்லை, வாசலில் குப்பை கொட்டவில்லை, யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன், பார்த்ததை நோட்டில் வரைந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தேனியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும், ஏலக்காய் வியாபாரிகளின் பெரிய பெரிய வீடுகள் இருந்த தெருவுக்கு நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பிவிடுவேன்.

அதில் ஒரு வீடு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கீழே மதுரைப் பக்கத்து மண்டபங்களில் இருப்பது போலக் கட்டையான கல்தூண்கள். அதற்கு மேலே வெள்ளைக்காரன் பங்களாவின் அரைவட்ட வளைவுகள், வளைவுக்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. மாடிக்கு மேலே மலையாளத்து வீடுகளைப் போலச் சரிந்த ஓட்டுக்கூரை, அதன் முகப்பில் செதுக்கிய மரப்பலகை. கூரைக்கு முன்னால் ஓடிய கைப்பிடிச்சுவரின் நடுவில் சுதையில் செய்த லட்சுமி, இரு பக்கமும் யானைகள், யானைகளை ஒட்டித் தொப்பி போட்ட இரண்டு சிப்பாய்கள். லட்சுமிக்குத் துப்பாக்கிக் காவல்!

கட்டடம் என்றால் ஒரே பாணியில் இருக்க வேண்டும், கலந்தால் கதம்பம் என்று எனக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். இந்த வீட்டைப் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். சுளிக்கட்டும். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூட்டை ஏற்றி இறக்கிய ஒரு மனிதர், போன இடத்திலெல்லாம் பிடித்ததை மனதில் வாங்கிவந்து, எவரிடமும் அனுமதி கேட்காமல் ஒரே வீட்டில் ஏற்றியிருக்கிறார். கல்லின் கனம் வளைவில் குறைந்து, மரத்தில் இன்னும் குறைந்து, மேலே போகப் போக வீடு லேசாகிக்கொண்டே போகும். அந்தத் திமிர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அந்தத் தெருவில் யாரும் ஒரு வீட்டை நின்று பார்க்க மாட்டார்கள், வாய்விட்டுப் புகழவும் மாட்டார்கள். கண் பட்டுவிடும். வாசலுக்கு வாசல் பூசணிக்காய் தொங்கியது அதற்குத்தான். இந்த லட்சணத்தில் நான் வாரா வாரம் வந்து மணிக்கணக்கில் நின்றால் சும்மா விடுவார்களா?

ஆடிச் சாரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடப்பக்கத்து யானையின் தும்பிக்கை உடைந்து விழுந்தது. கீழே நிறுத்தியிருந்த சைக்கிள் நசுங்கியதோடு சரி, ஆளுக்கு ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது, அந்த வீட்டில் வேலை பார்க்கும் அம்மா கையில் ஒரு காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், காலக் கொஞ்சம் தூக்குங்க. ஒங்க காலடி மண்ணு எடுத்தாரச் சொல்லி மொதலாளியம்மா அனுப்புனாக."

கண் வைத்தவரின் காலடி மண்ணோடு உப்பும் வற்றல் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நன்றாக அழுத்தி நின்றேன். "ரெண்டு காலு மண்ணையும் எடுத்துக்கங்க" என்றேன். எடுத்துக்கொண்டு போனவர் பின்னாலேயே நானும் போனேன். என் காலடி மண்ணை என்ன செய்கிறார்கள் என்று நான் பார்க்கக் கூடாதா?

அவ்வளவு பெரிய வீட்டைச் சுற்றிப் போட முடியாது என்று, உடைந்த தும்பிக்கையை முறத்தில் வைத்து அதைச் சுற்றினார்கள். மிளகாய் நெருப்பில் விழுந்ததும் தெருவே இருமியது. வீட்டு முதலாளி இருமினார், அவர் மனைவி இருமினார், எதிர்வீட்டில் படபடவென்று கதவைச் சாத்தினார்கள்.

"நெடி இந்த ஏறு ஏறுதே மொதலாளி. அப்ப ஏங் கண்ணு இல்லைன்னுதான அர்த்தம்?" என்றேன்.

முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது மிளகா புதுசு டீச்சர்" என்றார்.

நான் நோட்டை விரித்துக் காட்டினேன். "இது சித்திரையில வரைஞ்சது. யானைக் காதுக்குப் பின்னால அரசங்கன்னு மொளச்சிருக்கு பாருங்க. அதுக்குக் கீழ விரிசல். சுண்ணாம்புச் சுதை மேல சிமெண்டப் பூசிட்டீங்க. உள்ள எறங்குன தண்ணி வெளிய வர வழியில்ல. அதான் விழுந்துச்சு."

அவர் படத்தையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார். "விரிசல வரைஞ்சீங்கள்ல? அதான் விரிஞ்சிருச்சு" என்றார். பிறகு கையை நீட்டினார். "நோட்டக் குடுங்க. இதையும் நெருப்புல போட்டுட்டாச் சரியாப் போகும்."

நான் கொடுக்கவில்லை.

அவர் எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தார். மறுநாளே தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "நோட்டக் குடுத்துரும்மா. கடையில வேற நோட்டா கெடைக்காது? அவுக கையெழுத்துப் போட்டாத்தான ஒனக்கு வேலை நெலைக்கும்?" கெட்டவர் இல்லை, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்பாவின் கடை நொடித்துப்போய், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். தேனி வரும்வரை பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்தால், பார்த்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வீட்டை அந்த ஊரில் ஒழுங்காகப் பார்த்தவள் நான் ஒருத்தி. மறுநாள் போய் முடியாது என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

என் கடைசி நாளும் ஒரு சனிக்கிழமைதான். பள்ளி முடிந்து அந்தத் தெருவுக்குப் போனால், வீட்டின் முன் சாரம் கட்டியிருந்தது. இனி யார் கண்ணும் படாதபடி எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, மொழுமொழுவென்று சிமெண்ட் பூசப்போகிறார்களாம். லட்சுமியை மட்டும் கும்பிட்டு இறக்கி வைத்திருந்தார்கள். இடப்பக்க யானையும் சிப்பாயும் தெருவில் குவியலாகக் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது. வழக்கமான இடத்தில் போய் நின்று நோட்டைத் திறந்தேன்.

கடைக்குக் கிளம்பிய முதலாளி என்னைப் பார்த்து நின்றார். "இன்னும் இங்கன பாக்குறதுக்கு என்ன டீச்சர் இருக்கு?"

"ஒரு யானையும் ஒரு சிப்பாயும் இருக்கு மொதலாளி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார். சாரத்தின் மேல் கொத்தனார் வலப்பக்க யானையிடம் வந்து சுத்தியலை ஓங்கினார். கீழே என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

"டீச்சர், இந்த யானைய வரைஞ்சாச்சா? தட்டட்டுமா?"

அந்த யானையை நான் அதற்கு முன் இரண்டு முறை வரைந்திருக்கிறேன். "இன்னும் இல்ல" என்றேன்.

அவர் சுத்தியலைப் பலகையில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். நான் பென்சிலை நிதானமாகச் சீவி, காதிலிருந்து தொடங்கினேன். அன்றைக்கு வரைந்தது போல அவ்வளவு மெதுவாக நான் எதையும் வரைந்ததில்லை.