தொகையறா முடியும் வரை

கச்சேரியைப் படமெடுக்கப் போகிற இடத்திலெல்லாம் நான் முதலில் செய்வது, ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கேமராவைப் பிறகுதான் பையிலிருந்து எடுப்பேன். பெங்களூரு ரோட்டு ஓட்டல்களில் வாசிக்கும் பையன்கள், நான் ஏதோ சகுனம் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். "பெட்டிக்கு ஜுரமாக்கா?" என்று போன வாரம் ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கு ஜுரம் வரும், குளிர் வரும், உடம்பு தூக்கிப்போடும், எங்கள் வீட்டு ஃபிலிம் சுருள் ஒன்றையே முழுசாக அது தின்றிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் அவன் பாட்டு முடிந்துபோகும்.

அது ஓசூரில், ஓர் ஆயுத பூஜை அன்று நடந்தது. அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கம்பெனி கேட்டைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அப்பாவைக் காலையில் விழுங்கி, கிரீஸ் வாசத்தோடு திருப்பி அனுப்புகிற அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நடப்போம். லேத்துக்கு நெற்றி இருப்பதுபோலச் சந்தனம் பூசியிருக்கும். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கொம்பிலும் வாழைக்கன்று. பொரி, கடலை, சுண்டல். சாயந்திரம் ஷெட்டுக்குள்ளேயே பாட்டுக் கச்சேரி. மரப்பலகைகளை அடுக்கினால் மேடை. வாசிப்பவர்களும் கம்பெனி ஆட்கள்தான். கீபோர்டுக்காரர் பெயின்ட் ஷாப்பிலும், கன்னடம் பேசும் டிரம்ஸ்காரர் ஸ்டோர்ஸிலும் இருந்தார்கள்.

அந்த வருஷம் பாட வரவேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாமா யாரையும் கேட்காமல், "எங்க அக்கா பாடும்" என்று அம்மா பேரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அம்மா பாடுவாள் என்பது எங்கள் லைன் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். அரிசி களையும்போது முணுமுணுப்பாள். அவள் தொடங்கினால் அப்பா எழுந்து போய் ரேடியோவை நிறுத்திவிடுவார். "ரெண்டு சத்தம் எதுக்கு" என்பார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அப்பாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மாமா விஷயத்தைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தைக் குடித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஒரு பாட்டு. அதோட சரி."

ஒன்றாவது கிடைத்ததே என்று அம்மா முகம் மலர்ந்தது. இனிமேல் இல்லை என்பதும் அதே வாக்கியத்துக்குள் இருந்ததால், அன்று ராத்திரியே மாமாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு போட்டோ வேண்டும். மைக் முன்னால், வாயைத் திறந்து, பாடுகிற மாதிரியே. கல்யாணப் படத்தில்கூடத் தலைகுனிந்திருப்பவள் அவள்.

"ஃபிளாஷ் மட்டும் அடிக்காதடா. மூஞ்சியில பளிச்சுனு வந்துச்சுன்னா எனக்குப் பாட்டே மறந்துடும்."

"அந்த இருட்டுல ஃபிளாஷ் இல்லாம எடுத்தா பேய் மாதிரிதான்க்கா வருவ."

"பேயா வந்தா வந்துட்டுப் போறேன். பாட்டு மறக்கக் கூடாது."

மாமா கம்பெனியில் பாகங்களை அளந்து பார்க்கிற பிரிவில் இருந்தார். முடியளவு பிசகினாலும் ஒதுக்கிவைத்துவிடுகிற ஆள். இருட்டில் ஷட்டர் சட்டென்று மூடாது, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு வெளிச்சம் வந்து சேரக் காத்திருக்கும், அதற்குள் கை இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடும் என்று எனக்கு விளக்கினார். ஆகவே கையை நம்பக் கூடாது. கனமான ஏதாவது ஒன்றின்மேல் கேமராவை உட்காரவைக்க வேண்டும். மத்தியானமே ஷெட்டுக்குள் சுற்றி, மேடை ஓரத்தில் அலமாரி உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர் பெட்டியைக் கண்டுபிடித்தார். தள்ளிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அசையவில்லை. அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவரின் பக்கவாட்டு முகமும், அதைத் தாண்டி ஜனங்களும் தெரிவார்கள்.

டிரம்ஸ்காரர் மட்டும் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "ஏன் குரு, அது மேலயா? அல்லாடுத்தெ." ஆடும் என்கிறார்.

"நீங்க வேற. மல மாதிரி நிக்குது" என்றார் மாமா. மலை அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தது.

பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, சீரியல் பல்புகளையும் மேடைக்கு ஒரு மஞ்சள் விளக்கையும் மட்டும் விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு முன்னால் தார்ப்பாயில். பெரியவர்கள் எங்களுக்குப் பின்னால் நாற்காலிகளில். அப்பா மூன்றாவது வரிசை. அம்மா அரக்குப் புடவையில் வந்து, மைக்கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல், தண்ணீர்ச் சொம்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாளம் சேருவதற்கு முன்பு குரல் மட்டும் தனியாக நீண்டு போகுமே, அந்தத் தொகையறாவில் ஆரம்பித்தாள். வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி நின்றன. அந்தத் தகரக் கூரை என்றைக்கும் இரும்புச் சத்தத்தையே கேட்டுப் பழகியது. அன்றைக்கு அது ஒரு பெண்ணின் மூச்சைக் கேட்டது. அப்புறம் டிரம்ஸ் இறங்கியது, விசில் பறந்தது, அம்மா தலையை ஆட்டி ஆட்டிப் பாடினாள். பாட்டு மறக்கவில்லை.

படங்கள் கழுவி வந்த நாளில் ஸ்டுடியோக்காரர் கேட்டாராம்: "சார், பஸ்ஸுல போய்க்கினே எடுத்தீங்களா?"

எல்லாம் கலங்கல். டிரம்ஸ் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் பெட்டி அதிர்ந்திருக்கிறது, பெட்டியோடு கேமரா. மைக்குக்கு நாலு நிழல், கீபோர்டுக்காரருக்கு மூன்று மீசை. அம்மா எங்கும் ஒரு அரக்கு நிறப் புகை. மாமா சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றே ஒன்றில் பெட்டி ஆடியிருக்கவில்லை. டிரம்ஸ் சும்மா இருந்த தொகையறா நேரம் அது. மேடைப் பலகையின் ஆணிகூடத் தெரிந்தது. ஆனால் ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் அம்மா தலையை அசைத்துவிட்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு வீச்சு. தார்ப்பாயில் நாங்கள் ஒரு சேறு. அதில் என் சிவப்பு ரிப்பனை மட்டும் தேடி எடுத்தேன். நாற்காலிகளில் கைதட்டுகிறவர், பக்கத்தில் திரும்புகிறவர், பொரி மெல்லுகிறவர் எல்லாருமே கரைந்துபோயிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில், உளியால் செதுக்கி வைத்தாற்போல ஒரே ஒரு ஆள். அப்பா. சட்டைப் பொத்தான்கூட எண்ணலாம். கண் இருக்கிற இடத்தில் நிழல் விழுந்திருந்தது.

"மச்சான் மட்டும் சூப்பரா விழுந்திருக்காரு" என்றார் மாமா, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அசந்துட்டேன் போல" என்று கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு பாட்டு, அதிலும் தூங்கியிருக்கிறார்.

இருட்டில் மனிதர்களைப் படமெடுப்பதே எனக்குப் பிழைப்பாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதைய கேமராக்கள் எந்த இருட்டிலும் எல்லாரையும் அப்படியே உறையவைத்துவிடும். இருந்தாலும் ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு படமாவது ஷட்டரை மெதுவாக விட்டு எடுப்பேன். அப்படி எடுத்து எடுத்துத்தான் ஒன்று புரிந்தது. நாற்காலியில் தூங்குகிறவர்கள் தெளிவாக விழுவதே இல்லை. தலை சரியும், திடுக்கென நிமிரும், மறுபடி சரியும். கேட்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் விழுவதில்லை. காலாட்டுவார்கள், கைபேசியைத் தடவுவார்கள். அத்தனை நேரம் ஒரு மனிதன் கல்லாக இருக்க வேண்டுமானால், மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தவர் ஏன் ஒரு பாட்டோடு சரி என்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓய்வுபெற்று நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

படங்கள் வந்த அன்றைக்கு அம்மா மற்றவற்றை மாமாவிடமே கொடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

"உன் மூஞ்சியே அதுல இல்ல. அப்பா தூங்கறதுதான் இருக்குது. அது எதுக்கு?"

"இருக்கட்டும் கண்ணு. நல்லாத்தான் விழுந்திருக்குது" என்றாள் அம்மா.

மாமா மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். அவள் அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். கூடவே முணுமுணுப்பு. நிறுத்த அப்பா வீட்டில் இல்லாததால் ரேடியோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. நான் போய், அம்மாவின் குரல் அமுங்கிப்போகிற அளவுக்கு அதன் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.