மஞ்சள் சேலைகளின் நடுவே சாட்சி சொல்லப் போனேன்

மாரியம்மனை நம்பும் சகோதரிகளே, எனக்குக் காய்ச்சல் கொடு என்று அவளிடம் அழுதவள் நான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பிறகு வந்த முதல் பங்குனி. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு விடியலில் பள்ளிக்கூடம் திறக்கப் போனபோது, மாடு திருடும் கும்பல் மாட்டுப்பட்டிக் காவல்காரரை வெட்டியதைப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் பிடிபட்டார்கள். வெளியே எத்தனை பேரோ! கூடப் பார்த்த வண்டிக்காரர், தான் எதையுமே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் நான். தினமும் காலையில் என் கதவில் அறுத்த மூக்கணாங்கயிறு ஒன்று தொங்கியது. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் நடந்தேன்.

ஏட்டையாவிடம் காவல் கேட்டேன். "கோர்ட்டுக் கச்சேரி வாசலுக்கு வந்துட்டீங்கன்னா நாங்க பாத்துக்குவோம், டீச்சரம்மா. வழியில இருக்கிற புளியமரத்துக்கெல்லாம் ஆள் போட முடியுங்களா?" என்றார்.

சாட்சிக் கூண்டு ஏறாமல் தப்பிக்க அம்மனிடம் கேட்ட காய்ச்சல் வரவில்லை. தர்மபுரிக் கச்சேரிக்கு வரச் சொல்லிச் சம்மன்தான் வந்தது. அதே வாரம் திருவிழா. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டக்கூடாது. ஓடிப்போய்ப் பூசாரியிடம் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டேன். அம்மனையே சாக்காக்கினேன்.

வெட்டுப்பட்டவரின் மனைவி காளியம்மா கோயில் வாசலிலேயே மறித்தாள். "கையில காப்புக் கட்டிக்கிட்டா, கண்ணுல பாத்தது அழிஞ்சிருங்களா?"

அவளைத் தாண்டி உள்ளே ஓடினேன். அம்மன் முன்னால் விழுந்தேன். தாயே, பயமாயிருக்கிறது என்றேன். அன்றுதான் உண்மையைச் சொல்லிக் கும்பிட்டேன்.

பூசாரியின் மனைவி என்னைத் தூக்கி நிறுத்தினாள். "எல்லைக்கு அந்தாண்ட ராத் தங்கத்தான் கூடாதுங்க. பொழுது சாய வூடு வந்துரலாம். நாங்களும் வர்றோம், நடங்க."

கோழி கூப்பிடக் கிளம்பினோம். காப்புக் கட்டிய முப்பது பேர். எல்லோருக்கும் மஞ்சள் சேலை, முகம் நிறைய மஞ்சள், கையில் வேப்பிலை. யார் டீச்சர், யார் களை வெட்டுகிறவள், யாருக்குத் தெரியும்? வழியில் ஒரு புளியமரத்தடியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கிட்டே வந்து முகம் முகமாகத் தேடினான்.

"என்னடா மொறைக்கிற? பொண்ணு பாக்க வந்தியா? தாம்பூலத் தட்டு எங்கடா?" என்றாள் பூசாரி மனைவி.

சிரிப்பு வெடித்தது. காப்புக் கட்டிய கையைத் தொட அவனுக்கும் துணிவில்லை. அவனும் அம்மன் பிள்ளைதானே. ஒதுங்கி வழிவிட்டான்.

கச்சேரியில் கூண்டு ஏறினேன். மூவரையும் அடையாளம் காட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே எல்லைக்குள் கால் வைத்தோம். பிறகு அந்த மூவருக்கும் தண்டனையும் கிடைத்தது. தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். ஆனால் எழுந்தவள் இப்போது வெளியே போகிறேன். சுற்று ஊர்களில் எந்தப் பெண்ணுக்குச் சம்மன் வந்தாலும் கூட நடக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தால், அம்மனைக் கூப்பிடுங்கள். பிறகு கதவைத் திறந்து பாருங்கள். யாரோ கிளம்பித் தயாராக நிற்பார்கள். அது நானாகவும் இருக்கலாம்.