அண்ணி அடையாளம் சொன்ன சிலை

எங்கள் ஊர்க் கோயிலுக்கு முதன்முதலாக வந்த அன்று, கும்பிட்டு முடித்த கையோடு, சாமியின் முதுகைப் பார்க்க முடியுமா என்று கேட்டார் அண்ணி. கல்யாணத்துக்கு மறுநாள் காலை அது. ஈரத் தலையும் பட்டுப்புடவையுமாக நின்ற புது மருமகள் இப்படிக் கேட்டதும், பூசை செய்யும் உபாத்தியாயர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பாதான் அப்போது கோயிலின் தருமகர்த்தா. அவர் சிரித்துவிட்டு, "காட்டுங்க, படிச்ச பொண்ணு கேக்குது" என்றார். உபாத்தியாயர் ஆதிநாதரின் செப்புத் திருமேனியை இரண்டு கைகளாலும் மெல்லத் திருப்பி வைத்தார். அண்ணி கருவறை வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறந்ததிலிருந்து நான் கும்பிட்ட சாமியின் முதுகை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

செஞ்சியிலிருந்து வல்லம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சில சமணக் குடும்பங்கள், ஒரு சிறிய கோயில், அவ்வளவுதான். அண்ணி வந்தவாசிப் பக்கம். சென்னையில் தொல்லியலும் கலை வரலாறும் படித்துவிட்டு, எங்கள் வட்டாரத்துச் சமணக் கோயில்களின் செப்புத் திருமேனிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். நான் கல்லூரி மாணவி. விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாகப் போவேன். சமணர்கள் இருட்டிய பின் சாப்பிடுவதில்லை, பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டுமே என்று தயிர்ச் சோற்றைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கினோம். ஒருமுறை, ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் நான் பார்த்தே ஆகவேண்டும் என்று பனமலைச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனார். சுவரில் பாதி அழிந்து நிற்கும் ஒரு தேவியின் பழைய ஓவியத்தில் நான் முகத்தையும் குடையையும்தான் பார்த்தேன். அண்ணி என்னை அப்படியே நிற்க வைத்தார். மடக்கி ஊன்றிய கால், இடுப்பின் வளைவு, துணியின் கோடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. "இன்னா இருக்கும்னு நெனச்சிக்கினு வந்தியோ, அதை வெளிய வெச்சிட்டுப் பாரு. அப்பதான் இருக்கிறது தெரியும்" என்றார். அந்த வார்த்தைக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

எங்கள் ஆதிநாதரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை படத்தோடு ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அப்பா அதை ஊர் முழுக்கக் காட்டினார். அடுத்த மார்கழியில் ஒரு காலை, கோயில் பூட்டு உடைந்து கிடந்தது. பீடம் மட்டும்தான் மிச்சம். அன்று அப்பா கோயில் வாசலிலேயே நின்று, சாமி திரும்பி வரும்வரை பாலைத் தொடமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டார். போலீஸ் வந்தது, போனது. வெளியூர்க்காரர்களின் வேலை என்று முதலில் பேசிய ஊர், பிறகு கட்டுரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. போட்டோ எடுத்த பிறகுதானே சாமி போனது என்றார்கள். அண்ணி யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், "அவங்க சொல்றது தப்புன்னு எப்படிச் சொல்றது? யாரு வேணா படிச்சிருக்கலாமே" என்றார்.

சில வருடங்கள் கழித்து, கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட சிலைகளில் ஒன்று எங்களுடையது போல இருப்பதாகத் தகவல் வந்தது. ஊரே வேன் வைத்துக்கொண்டு கிளம்பியது. பெண்கள் பூக்கூடையோடு வந்தார்கள். சிலைகளை வைத்திருந்த அரசுக் கட்டடத்தில், மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து ஆதிநாதரை உட்கார வைத்திருந்தார்கள். அதே உயரம், தலைக்குமேல் அதே முக்குடை, அதே பாதி மூடிய கண்கள். "வந்துட்டியாப்பா" என்று அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கைகூப்பிக் கும்பிட்டேன். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் சாமிதான் என்று அதிகாரியிடம் சொல்லியாயிற்று. சிலையை ஆய்வு செய்தவர் என்பதால் அண்ணியும் சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று அதிகாரி காத்திருந்தார்.

அண்ணி சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"நல்லாப் பாரும்மா. நம்ம சாமிதானே?" என்றார் அப்பா.

"இல்ல மாமா. இது நம்ம சாமி இல்ல."

அண்ணி மெதுவாக விளக்கினார். தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் செய்து துணியால் துடைத்ததில் நம் சாமியின் மூக்கும் முழங்காலும் தேய்ந்திருக்கும். துணி நுழையாத காதின் பின்புறத்திலும் அக்குளிலும் உளிக் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். இதிலோ எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கிறது. பழசாகத் தெரியவேண்டும் என்று யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள். நம்முடையதைப் பார்த்துச் செய்த போலி இது.

பூக்கூடைகள் அப்படியே வேனில் திரும்பி வந்தன. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" அண்ணி உள்ளே போய்விட்டார். சாமியைக் காட்டிக் கொடுத்தவள், வந்த சாமியையும் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஊரில் பேச்சானது. சுற்று வட்டாரக் கோயில்களிலும் அது பரவியது. அவர் போனால் சாவி இல்லை என்பார்கள், உபாத்தியாயர் ஊரில் இல்லை என்பார்கள். தலைப்பை மாற்றிக்கொள்ளுமாறு பேராசிரியர் சொன்னார். அண்ணி மாற்றவுமில்லை, முடிக்கவுமில்லை. ஆய்வு அப்படியே நின்றுபோயிற்று.

ஊர் புதிதாக ஒரு திருமேனி வார்த்துப் பிரதிஷ்டை செய்தது. விரதம் முடிந்தது என்று சொல்லி எல்லாரும் அப்பாவிடம் பால் டம்ளரை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. அண்ணியிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சாகும்வரை பாலைத் தொடவில்லை. அண்ணியை நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த நம்பிக்கையாலும் அண்ணிக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. "நான் சொன்னதாலதானே மாமா அப்படியே போயிட்டாரு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அதன் பிறகு அண்ணனும் அண்ணியும் செஞ்சிக்குக் குடிபோய்விட்டார்கள். அண்ணி ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகும்போது கீழே பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொள்வாராம். மேலே ஏறுவதில்லை.

போன மாதம் அவர் கூப்பிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பழைய வகுப்புத் தோழி, அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு சிலையை முன்னும் பின்னுமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தாராம். இப்போது சென்னையில் இருக்கும் நான் செஞ்சிக்குப் போய்ப் பார்த்தேன். கைப்பேசித் திரையில் அண்ணி காதின் பின்புறத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பிறகு முழங்காலை. "இதான்" என்றார். குரலில் மகிழ்ச்சி என்று எதுவும் இல்லை.

மறுநாள் இருவரும் ஊருக்குப் போனோம். கோயில் சார்பில் உரிமை கோரி மனு கொடுத்தால்தான் அரசு மேற்கொண்டு எதையும் செய்ய முடியும். இப்போதைய தருமகர்த்தா என் பெரியப்பா மகன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அன்னிக்கு எல்லாரும் ஆமான்னோம், நீ இல்லன்ன. இன்னிக்கு நீ ஆமான்ற. நாங்க எதைம்மா நம்பறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். இருக்கிற சாமிக்குப் பூசை நன்றாக நடக்கிறது, இன்னொன்று வந்தால் இதை எங்கே வைப்பது, இதை எடு என்று யாரிடம் சொல்வது என்று கேட்டார். அண்ணி கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அமாவாசை என்பதால் பேருந்துகள் எல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்தோடு நிற்காமல் போயின. சாலையோரப் புளியமரத்தடியில் காத்திருந்தபோது அண்ணி மறுபடியும் படத்தைத் திறந்தார். சிலைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஆதிநாதர், செம்பு, தென்னிந்தியா" என்று தமிழில் படித்தார். கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் படித்தார்: "ஊர் தெரியவில்லை."